திங்கட்கிழமைதோறும் பாங்கொக்

பயண ஆலோசனை என்பது, அடுத்தவரின் விடுமுறையில் பெய்யும் மழைக்கு நாம் மன்னிப்புக் கேட்கும் தொழில். தொலைபேசியை எடுத்து "எப்படி உதவலாம்?" என்று கேட்டே காலத்தை ஓட்டுகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உங்களை நம்பித்தான் எழுதுகிறேன்.

ஒன்பது வருடம் பாங்கொக்கில் டெனிஷ் பயணிகளுக்கு வழிகாட்டியாக இருந்தேன். கொரோனாவோடு பயணிகள் நின்றார்கள். நானும் டென்மார்க்கில் ஹோர்சன்ஸ் நகரத்துக்குத் திரும்பி வந்தேன். இப்போது நாலு வருடமாக, இரண்டு மேசையும் ஒரு கோப்பி மெஷினும் உள்ள அலுவலகத்தில் இருந்துகொண்டு அந்த நகரத்தைத் தொலைவிலிருந்து விற்கிறேன். ஒவ்வொரு திங்களும் 'பாங்கொக் செய்தி' என்று ஒரு பக்கம் ஈமெயிலில் அனுப்புவோம். எந்தப் பாலம் திருத்த வேலையில் இருக்கிறது, எந்தச் சந்தை பூட்டு, எங்கே தோளை மூடிக்கொண்டு போக வேண்டும் என்கிற மாதிரி. ஐந்தாம் வகுப்புவரை யாழ்ப்பாணத்திலும் மிச்சம் டென்மார்க்கிலும் படித்தவள் என்பதால், டெனிஷில் ஒன்றும் நம் ஆட்களுக்குத் தமிழில் ஒன்றும் எழுதுவேன்.

போன வருடம் எஸ்பியர்க்கிலிருந்து ஓர் அக்கா வந்து, பாங்கொக்கில் தன் தம்பியோடு அரை மணி நேரம் இருந்து கதைக்க ஓர் இடம் கேட்டார். இந்தத் தொழிலில் என்னிடம் கேட்கப்பட்ட மிகச் சுலபமான கேள்வி அது. அதில்தான் பிழைவிட்டேன். அதற்கு முதல் மற்ற வாடிக்கையாளர்களையும் பார்த்துவிடுங்கள்.

மூன்றே கால்

ஓய்வுபெற்ற டெனிஷ்காரர் ஒருவர். செப்டெம்பரில் போகிறார், ஒரு வாரம். மழை எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று போனில் கேட்டார். மழைக்காலத்தில் அநேகமாகப் பின்னேரம், நாலு மணி மட்டில் என்றேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார். பேனா கடதாசியில் ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

திரும்பி வந்ததும் அலுவலகத்துக்கே வந்தார். கோபமில்லை, குரலும் உயரவில்லை. பேருந்து பிந்தினால் மணிக்கூட்டைப் பார்ப்பாரே ஒரு டெனிஷ்காரர், அந்த முகம். நனைந்து சுருங்கிய வரைபடத்தை என் மேசையில் விரித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "நீங்கள் நாலு மணி என்றீர்கள். மூன்றே காலுக்குப் பெய்தது."

கோயில் வாசல்

ஸ்கீவயில் இருந்து ஓர் அண்ணை, மனைவி, இரண்டு மகள்மார். ஹோட்டல் அறையில் சோறு சமைக்கலாமோ என்பது முதல் கேள்வி, கோயில் இருக்கோ என்பது இரண்டாவது. சீலோம் வீதியில் மாரியம்மன் கோயில் இருக்கிறது, பழைய காலத்தில் போன தமிழர் கட்டியது, பின்னேரம் போங்கோ என்று சொல்லி அனுப்பினேன்.

திரும்பி வந்து எனக்குப் போன் எடுத்தார். எல்லாம் நல்லமாம். ஆனால் கோயில் வாசலில் எங்கட பெடியள் நாலைந்து பேர் நின்றார்களாம். இவர் ஆசையாகப் போய் "தம்பி, எந்த ஊர்?" என்று கேட்க, தலையைக் குனிந்துகொண்டு விலகிப் போய்விட்டார்களாம். அந்தப் பெடியளை எனக்கும் தெரியும். விசா முடிந்து, அகதி விண்ணப்பத்தோடு வருடக் கணக்காகக் காத்திருக்கிறவர்கள். தெருவில் பொலிஸ் மறித்துக் கேட்டால் காட்ட ஒரு துண்டுக் கடதாசி இல்லாதவர்கள். தெரியாத ஆள் ஊர் கேட்டால் எப்படிச் சொல்வார்கள்? டெனிஷ் பயணிகளைக் கூட்டிக்கொண்டு அவர்களைத் தாண்டி எத்தனையோ தரம் போயிருக்கிறேன், நானும் ஒருநாளும் நின்று கதைத்ததில்லை. அண்ணைக்கு இதைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் விடவில்லை: "விடுங்கோ பிள்ளை, அவங்களுக்குப் பாங்கொக்கில இருக்கிற பெருமை."

எந்தப் பக்கம் வெயில்

தமிழ்ச் செய்திக்கு நாற்பது பேர் மட்டில் வாசகர்கள். அதில் ரவி என்று ஒருவர். வேறு விபரம் ஒன்றும் இல்லை, பெயரும் ஈமெயில் முகவரியும்தான். திங்கள் காலை அனுப்பினால் மத்தியானத்துக்குள் அவரிடமிருந்து ஒரு கேள்வி வரும். கீழ்நோக்கிப் போகும் ஆற்றுப் படகில், பின்னேரம் எந்தப் பக்கம் இருந்தால் முகத்தில் வெயில் படாது? பூச்சந்தையில் செவ்வந்தி மாலையை எதில் சுற்றித் தருவார்கள்? தூண்களுக்கு மேலே ஓடும் வானத்து ரயிலில் கதவு மூட முதல் மணி அடிக்குமா? நானும் விடாமல் பதில் எழுதுவேன். படகில் இடப்பக்கம் இருங்கள் என்று எழுதியது இன்னும் நினைவிருக்கிறது.

இரண்டு வருடமாக இது நடந்தது. ஒரு விமான ரிக்கற் விலைகூட அவர் கேட்கவில்லை. அடுத்த மேசையில் இருக்கும் கிர்ஸ்டனுக்கு இந்தக் கேள்விகளை மொழிபெயர்த்துச் சொல்வேன், அவளும் சிரிப்பாள். ஒருநாள் சிரிக்கவில்லை. கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "இந்த மனிதர் போகப் போவதில்லை. போகிறவர்கள் இவ்வளவு கேட்பதில்லை," என்றாள்.

ஆறு

மலர் அக்கா எஸ்பியர்க்கில் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். என்னைவிட மூன்று வயது மூத்தவர். லீவு எடுத்து, ரயில் மாறி மாறி ஹோர்சன்ஸுக்கு வந்திருந்தார். போனில் கதைக்கிற கதை இல்லையாம். உட்கார்ந்ததும் கைப்பையிலிருந்து எங்கள் திங்கட்கிழமைப் பக்கம் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். "ரவி என்ர தம்பி. நான்தான் அவன்ர முகவரியை உங்கட பட்டியல்ல போட்டனான்."

ரவி பாங்கொக்கிலேயேதான் இருந்தார். பதினொரு வருடம். நகரத்தின் ஓரத்தில் ஓர் அறை. அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்டு, மேல்முறையீடும் முடிந்துவிட்டது. பிடிபட்டால் தடுப்பு முகாம், பிறகு திருப்பி அனுப்புவார்கள். பின்தெருவில் இருக்கும் கடையைத் தாண்டி எங்கும் போவதில்லை. ஏழு வருடம் நானும் அவரும் ஒரே நகரத்தில் இருந்திருக்கிறோம்! அக்கா கலியாணம் முடித்து டென்மார்க் வரும்போது தம்பிக்குப் பதினாறு வயது. அதற்குப் பிறகு நேரில் காணவில்லை. வர வேண்டாம், வர வேண்டாம் என்றே சொல்லிவந்த ரவி, இந்த முறை ஆற்றங்கரையில் ஒருக்கா ஒன்றாக இருப்பம் என்று கேட்டிருக்கிறார். நவம்பருக்கு லீவு போட்டாயிற்று. ஓர் இடம் மட்டும் வேண்டும்.

"அறையிலேயே சந்திக்கலாம்தானே அக்கா?" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "பதினொரு வருசமா பாங்கொக்கில இருக்கிறான், தங்கச்சி. ஆத்தை உங்கட கடுதாசியிலதான் பாத்தவன்."

நல்ல செய்தி

எனக்குத் தெரிந்த படகுத் துறைமேடைகளை எல்லாம் மனதில் ஒரு சுற்று நடந்து, ஒன்றைத் தேர்ந்தேன். உட்கார ஒரு மர வாங்கு, நிழல், படகுக்கு நிற்கும் வெளிநாட்டுக் கூட்டம். கூட்டத்தோடு கூட்டமாக இரண்டு பேர் அரை மணி நேரம் இருந்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். புதன்கிழமை, பின்னேரம் மூன்று மணி. ஒன்பது வருடத்தில் நான் கற்ற முழுவதையும் அந்த ஒரு வாங்கில் வைத்தேன் என்றே சொல்லலாம்.

அக்கா பாங்கொக்கில் நின்ற அந்தக் கிழமையும் திங்கள் வந்தது. செய்தி எழுத வேண்டும். பயணக் காலம் தொடங்குகிறது என்பதால் வழக்கமாக எழுதுவதை எழுதினேன், இரண்டு மொழியிலும். கை தானாக எழுதிய வரிகள்: "நல்ல செய்தி. இந்த வாரம் முதல் ஆற்றுத் துறைகளில் பொலிஸார் கூடுதலாக நிற்பார்கள். பயமில்லாமல் உலாவலாம்." நாற்பது பேருக்கும் அனுப்பிவிட்டுக் கோப்பி குடிக்கப் போனேன்.

புதன் மத்தியானம் ரொட்டியைப் பிரித்து வைத்திருந்தபோது அக்காவின் போன் வந்தது. அங்கே ஆறு மணி. பின்னால் படகு விசில் கேட்டது. மூன்று மணி நேரமாக அந்த வாங்கிலேயே இருக்கிறாராம். சாப்பிட்டீங்களா என்று கேட்டேன், வேறு என்ன கேட்பது என்று தெரியாமல். அவர் அழவில்லை, ஏசவுமில்லை. "தங்கச்சி, நீங்க எழுதினதை அவன் வாசிச்சிட்டான்."

ஊர் காட்டியவர்

இரண்டு கிழமை கழித்து அக்கா திரும்பவும் வந்தார். அந்தப் புதன் இரவே வாடகைக் கார் பிடித்துத் தம்பியின் அறைக்குப் போயிருக்கிறார். மிச்சம் ஆறு நாளும் அங்கேதான். ஜன்னல் இல்லாத அறை, ஒரு பாய், ஒரு காற்றாடி. நான் மன்னிப்புக் கேட்டேன். மழைக்குக் கேட்டுப் பழகிய வாய். இதற்கு அது போதவில்லை.

"நீங்க எழுதாட்டி அவன் வந்திருப்பான்," என்றார் அக்கா. "வந்திருந்தா பிடிச்சிருப்பாங்களோ, விட்டிருப்பாங்களோ, அது ஆருக்குத் தெரியும்? இருபத்தஞ்சு வருசத்தில அவன் கேட்டது இது ஒண்டுதான்." ஆறுதல் சொல்ல வந்ததாகவும் தெரியவில்லை, குற்றம் சொல்ல வந்ததாகவும் தெரியவில்லை.

பிறகு அந்த அறையைப் பற்றிச் சொன்னார். எங்கள் செய்திகளையெல்லாம் ரவி கொப்பியில் கையால் எழுதி வைத்திருக்கிறாராம், திகதிப்படி. ஒரு பக்கம் முழுக்க நீலப் பேனாவால் வரைந்த ஆறு. முதல் நாள் பாயைத் தட்டி, "படகு வெளிக்கிடுது, ஏறு அக்கா. இடப்பக்கம் இரு, வெயில் படாது," என்றிருக்கிறார். "ரிக்கற் எங்கயடா?" என்று அக்கா கேட்க, இரண்டு பேரும் சிரித்திருக்கிறார்கள்.

எழும்பும்போது கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டே சொன்னார்: "ஆறு நாளும் அவன்தான் எனக்கு ஊர் காட்டினவன், தங்கச்சி. ஒரு இடமும் விடேல்லை."

எங்கள் பாங்கொக் செய்தியை ஒரு வரி விடாமல் வாசித்து, அதன்படியே நடக்கும் ஒரே வாடிக்கையாளருக்கு, இன்றுவரை எங்களால் ஒரு ரிக்கற்கூட விற்க முடியவில்லை.