விற்ற படத்தைத் திரும்பக் கேட்ட அப்பா

அப்பாவின் முதலாண்டு நினைவுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகளின் வணக்கம். அப்பாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதிக் கொடு என்றான் தம்பி. நல்லதாகத்தான் எழுதப் போகிறேன். ஆனால் அவர் எங்களை என்ன பாடு படுத்தினார் என்பதை விட்டுவிட்டால், இது வேறு யாரோ ஒருவருடைய மலராகிவிடும்.

திருவதிகைப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் ஐந்தாவது பிள்ளையாகப் பிறந்தவர். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. சுரங்கத்தில் ஒன்பது வருடம் காண்ட்ராக்ட் வேலை. பெர்மனென்ட் ஆகி நகரியத்தில் குவார்ட்டர்ஸ் கிடைத்த அன்று, சாமி படம் மாட்ட அம்மா ஆணி தேடிக்கொண்டிருக்க, இவர் வாசலில் உட்கார்ந்து எதிர் வீட்டைப் படம் போட்டுக்கொண்டிருந்தாராம். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஒரு பால்பாயிண்ட் பேனா, காலண்டர் தாளின் பின்பக்கம், அவ்வளவுதான்.

ஓய்வு பெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்த பிறகு, பக்கத்து ஊர் அருங்காட்சியகத்தின் கிஃப்ட் ஷாப்பில் அவர் படங்களை வாங்கி வைத்தார்கள். கோபுரமும் தேரும் வரைவார் என்று அந்தக் கடையை நடத்தும் அம்மையார் எதிர்பார்த்தார். அப்பா குவார்ட்டர்ஸைத் தவிர எதையும் வரையவில்லை. ஆச்சரியம், அதற்குத்தான் ஆள் வந்தது. நகரியத்தில் வேலை பார்த்துவிட்டு மதுரைக்கும் கோவைக்கும் போனவர்கள் பிளாக், நம்பர், இருந்த வருடம் மூன்றையும் சீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போவார்கள். எல்லா வீடும் ஒரே அச்சு. வாசலில் அந்தக் குடும்பம் என்ன வைத்திருந்தது என்பதை வைத்துத்தான் அடையாளம். அப்பாவுக்கு எல்லா வாசலும் நினைவில் இருந்தன. யார் வீட்டில் முருங்கை, யார் வீட்டில் எந்த வண்டி, எந்த நிறத் திரை, எல்லாம்.

அதோடு விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருப்போம். விற்ற படத்தில் தப்பு இருக்கிறது என்று திடீரென்று ஒரு நாள் சோற்றுத் தட்டின் முன் கையை உதறிவிட்டு எழுந்துவிடுவார். கடைக்குப் போய் வாங்கியவரின் விலாசம் கேட்பார். கடை அம்மையார் எனக்குப் போன் செய்வார், நான் தலையில் அடித்துக்கொள்வேன். ஒரு முறை சேத்தியாத்தோப்பு வரை பஸ் ஏறிப் போய், சட்டம் போட்டு மாட்டியிருந்த படத்தைக் கழற்றித் தரச் சொல்லியிருக்கிறார். முருங்கை இடப்பக்கம் வந்துவிட்டதாம். எங்களுக்கே ஞாபகம் இல்லை, இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவர்கள் சொல்ல, இவர் சொன்ன பதில் இது:

“எனக்கு ஞாபகம் இருக்குதுங்களே.”

படத்தை வாங்கிக்கொண்டுதான் திரும்பினார். காலைத் தொட்டுக் கும்பிடத் தோன்றும், நாலு அறை விடவும் தோன்றும்.

ஊரார் வீட்டையெல்லாம் வரைந்தவர் எங்கள் வீட்டை வரையவில்லை. இருபத்தாறு வருடம் இருந்த வீடு. புது வீட்டில் அம்மாவுக்கு மனம் ஒட்டவே இல்லை. அந்த வாசலைப் படமாக மாட்டிக்கொள்ள வேண்டும் என்பதைத் தவிர அவர் அப்பாவிடம் எதையும் வற்புறுத்திக் கேட்டதில்லை. அப்பாதான் அப்புறம், அப்புறம் என்றே தள்ளினார். ஒரு நாள் அம்மாவும் கடைக்கு வந்திருந்தபோது, சுவரில் எங்கள் நம்பர் போட்ட படம் தொங்கியது. எங்களுக்கு முன்னால் அங்கே இருந்த குடும்பம் சொல்லி வரைந்தது. அவர்கள் திரை, அவர்கள் ஸ்கூட்டர்.

“நம்ம வாசல்ல எவன் வண்டிங்க இது?” என்றார் அம்மா.

“அவங்க இருந்தப்ப அது அவங்க வூடுதானே” என்றார் அப்பா. நியாயம்தான், ஆனால் எங்கே பேச வேண்டிய நியாயம்! திரும்பும்போது பஸ்ஸில் அம்மா வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அதன் பிறகுதான் அப்பா எங்கள் வீட்டை வரையத் தொடங்கினார். மூன்று வருடம். முடியாத படத்தை யாருக்கும் காட்டுகிற வழக்கம் இல்லை, அம்மாவுக்கும் காட்டவில்லை. கேட்டால் ஏதோ ஒன்று குறைகிறது என்பார். கரடியாய்க் கத்தியும் பயனில்லை. மூச்சுத் திணறலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அதே பேச்சு. “எல்லாம் போட்டுட்டேம்மா, என்னமோ ஒண்ணு கொறையுது” என்றார். பேசாமல் படுங்கள் என்று அதட்டினேன். அவரிடம் நான் கடைசியாகப் பேசியது அதுதான். அதை நினைத்து அழாத நாளில்லை.

அந்தப் பத்து நாளும் முறை வைத்து ஆஸ்பத்திரியில் கண் விழித்த சித்தப்பா பிள்ளைகளுக்கும், சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், அப்பாவோடு ஷிப்ட் பார்த்துக் கடைசியில் தோள் கொடுத்துத் தூக்கியவர்களுக்கும், அவருடைய அத்தனை தொல்லையையும் பொறுத்த கடை அம்மையாருக்கும், திருத்தக் கொடுத்த படத்துக்கு மாதக்கணக்கில் காத்திருந்த அன்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

சென்ற மாதம் எங்கள் வீட்டுப் படத்தைச் சட்டம் போட்டு அம்மாவிடம் கொடுத்தோம். மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“எல்லாம் சரியா இருக்குது. அவரு சைக்கிளதான் காணோம். ஷிப்டு முடிஞ்சி வந்தா அந்தச் சுவத்துலதானே சாத்துவாரு. ஊர்ல உள்ளவன் வண்டியெல்லாம் தேடித் தேடிப் போட்டுட்டு, தன்னுத விட்டுட்டாரு பாரு. இந்தா, எடுத்துக்கினு போயி அவருகிட்ட குடு, போட்டுத் தரட்டும்.”

நானும் கை நீட்டி வாங்கிக்கொண்டேன். வாங்கிய பிறகுதான் எங்கள் இருவருக்கும் உறைத்தது.