வல்லாரை உருண்டை

பள்ளிக்கூடத்திலிருந்து மகளோடு வீட்டுக்குள் நுழைந்ததுமே வல்லாரை வாசனை அடித்தது. "இவளுக்குக் கவனம் நிக்க மாட்டேங்குதும்மா. இது யார் தப்பும் இல்ல. ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடுங்க" என்று மிஸ் சொன்னதை வழியிலேயே அம்மாவுக்கு போனில் சொல்லியிருந்தேன். அதற்குள் கீரை வாங்கி அரைத்துவிட்டாள்.

எளாவூரில் நான் மூன்றாவது படித்தபோது வகுப்பு ஜன்னலுக்கு வெளியே செக்போஸ்ட்டுக்குக் காத்திருக்கும் லாரிகள் வரிசையாக நிற்கும். நான் அவற்றை எண்ணிக்கொண்டிருப்பேன். டீச்சர் அம்மாவை வரச்சொல்லி, "இவளுக்குக் காது கேக்குதா?" என்று கேட்டார். அதற்காக அம்மா கம்பெனியில் அரை நாள் லீவு போட்டு வந்திருந்தாள்.

மறுநாளிலிருந்து, கம்பெனி பஸ் வருவதற்குள் ஏரிக்கரைக்குப் போய் வல்லாரை பறித்து வருவாள். பச்சையாக அரைத்து உருட்டி, என் தாடையைப் பிடித்து வாயில் போடுவாள். "பஸ்ஸு வந்துக்கினு இருக்குது, முழுங்கு. அப்பதான் படிப்பு ஏறும்." தம்பிக்கு அது கிடையாது. மார்க் குறையக் குறைய உருண்டை பெரிதானது. மக்குகளுக்கு மட்டும் கொடுக்கிற மருந்து அது என்று வெகுகாலம் நம்பினேன்.

இப்போது மகளின் தட்டில் அதே உருண்டை. அவள் என்னைப் பார்த்தாள். நான் அதை எடுத்து என் வாயில் போட்டுக்கொண்டேன்.

"நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம்மா. நீயும் வா."

அம்மா மிக்ஸி ஜாரைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள்.

"அப்பவே இதுக்கு டாக்டருங்க இருந்தாங்களா?"