பழக மறுத்த இரும்புச் சட்டி

வளைகுடாவிலிருந்து இரண்டு வருடம் கழித்து விடுப்பில் வந்த என் கணவர், விமானத்தில் அனுமதித்த முப்பது கிலோவில் பன்னிரண்டு கிலோவை ஒரு சட்டிக்குக் கொடுத்திருந்தார். நான் கேட்ட கம்பளி வரவில்லை. மகள் கேட்டது எதுவும் வரவில்லை. மூன்று கால், வாளிக்கு இருப்பதுபோல் ஒரு வளையக் கைப்பிடி, விளிம்பு தூக்கிய கனத்த மூடி. குளிர்காலத்து வெள்ளிக்கிழமைகளில் அவரும் அறையில் கூட இருப்பவர்களும் பாலைவனத்துக்குப் போய்க் கூடாரம் போட்டு இதில்தான் சமைப்பார்களாம். மூடியின் மேலும் நெருப்பு போடலாம் என்பதுதான் விசேஷம்.

நாகப்பட்டினத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு சாயங்காலம் சமைத்துக் காட்டினார். கொட்டாங்கச்சிக் கரியைக் கீழே கொஞ்சமும் மூடிமேல் நிறையவும் போட்டார். கோழி எலும்பிலிருந்து கழன்று வந்தது. என் மாமியாரே இன்னொரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நானும் நன்றாயிருக்கிறது என்று சொல்லிவைத்தேன். அது தப்பாகப் போயிற்று.

விடுப்பு முடிந்து அவர் கிளம்பும் அன்று, வாசலில் வேன் நிற்கும்போது என்னை மட்டும் அடுக்களைக்குள் கூப்பிட்டார். ஏதோ சொல்லப் போகிறார் என்று போனேன்.

"சோப்பு போடாத. தண்ணி ஊத்தி ஊற வைக்காத. புளி ஆகாது. கழுவுன கையோட அடுப்புல காய வச்சு எண்ண தடவிடு. பழகிட்டா நம்ம பேரப் புள்ளைங்க காலம் வரைக்கும் கெடக்கும்."

"சரி மச்சான்" என்றேன். வேறு என்ன சொல்ல?

அதன்பிறகு வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆ தொழுகை முடிந்து வீடியோவில் வருவார். முதல் கேள்வி, நல்லா இருக்கியா. இரண்டாவது, சட்டியக் காட்டு. ஐப்பசி மழை பிடித்த பிறகு எங்கள் ஊரில் ஜன்னல் கம்பியே துருப்பிடித்து உதிரும். சட்டி மட்டும் என்ன செய்யும்?

"உள்ள அந்தச் செவப்பு என்ன?"

"துரு. மழ பெய்யுதுல்ல."

"அப்ப எண்ண தடவல நீ."

தடவியிருந்தேன். போதவில்லை போலிருக்கிறது என்று அடுத்த முறை தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி வழிய வழியப் பூசினேன். ஒரு வாரத்தில் அது பலாப்பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு, காறல் வாடை அடித்தது. எறும்புகள் அதில் சிக்கிச் செத்துக் கிடந்தன. அதைச் சுரண்டவே அரை நாள் போனது.

இதற்கிடையில், மகளின் பள்ளிக்கூடத்தில் கூட்டம் என்று நான் போயிருந்த நாளில், மாமியார் அந்தச் சட்டியில் மீன் ஆணம் காய்ச்சிவிட்டார். நல்ல புளிப்பாக.

"மண்சட்டி மாதிரிதானே இருக்கு. மறுநாள் வச்சுத் தின்னா ருசியா இருக்கும்னு அதுலயே விட்டுட்டேன்" என்றார்.

மறுநாள் குழம்பு மையாகக் கறுத்திருந்தது. வாயில் வைத்தால் இரும்பு கேட்டை நக்கியது போலிருந்தது. முழுவதையும் கொட்டினேன். சட்டிக்குள் கறுப்பு திட்டுத் திட்டாகப் போய்ச் சாம்பல் நிறத்தில் இரும்பு தெரிந்தது. "ஒன் புருசன் வாங்கிட்டு வந்தது மட்டமான சட்டி" என்று சொல்லிவிட்டு மாமி டிவி பார்க்கப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை அவர் பார்த்தார். பிறகு, "ஒரு சட்டியப் பாத்துக்க முடியல ஒன்னால" என்றார்.

"இந்த மாசம் தளம் ஒழுகி மெத்தையெல்லாம் நனைஞ்சுது. மாமிக்கு சுகர் ஏறி ரெண்டு நாளு ஆஸ்பத்திரில கெடந்தேன். புள்ளைக்குப் பரீட்ச. இதுல ஒண்ணையும் நீங்க காட்டச் சொல்லல மச்சான்" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

அவர் முகத்துக்குப் பின்னால் அடுக்குக் கட்டிலில் யாருடைய சட்டையோ காய்ந்துகொண்டிருந்தது.

"இங்க இப்ப யாரும் சமைக்கிறதில்ல" என்றார். "தங்குற கேம்ப மாத்திட்டாங்க. கூட இருந்தவங்க எல்லாம் ஊருக்குப் போயிட்டாங்க. மெஸ் சாப்பாடுதான்."

போனை வைத்துவிட்டார். என்னை நிம்மதியாகக் கோபப்படக்கூட விடவில்லையே என்று எனக்கு இன்னும் கோபம் வந்தது.

மறுநாள் மழை விட்டிருந்தது. சட்டியைக் கொல்லைக்குத் தூக்கிப்போய் மணலும் தேங்காய் நாரும் போட்டு, உள்ளும் புறமும் வெறும் இரும்பாகும்வரை தேய்த்தேன். தேய்க்கும்போதே ஒன்று தோன்றியது. என் தோசைக்கல்லுக்கு ஏன் இந்தக் கதியெல்லாம் வருவதில்லை? அதில் எண்ணெயை நான் தேங்கவிட்டதே இல்லை. சொட்டு விட்டு, நறுக்கிய வெங்காயத்தால் இழுத்துவிடுவேன். மற்றதைச் சூடு பார்த்துக்கொள்ளும்.

சவுக்கு விறகை மூட்டிச் சட்டியை ஈரம் போகக் காயவைத்தேன். ஒரு கரண்டி நல்லெண்ணெய் பூசி, பழைய கைலித் துணியால் எண்ணெயே பூசாததுபோல் துடைத்தெடுத்தேன். நெருப்பின்மேல் கவிழ்த்து, புகை நிற்கும்வரை விட்டு, ஆறவைத்து, மறுபடியும் பூசினேன். இப்படி நாலு தடவை. கண் எரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, துணி காயப்போட்டிருக்கிறோமே என்று சத்தம் வந்தது.

சாயங்காலம் சட்டி பழுப்பாகத்தான் இருந்தது. அப்பளம், வாழைக்காய் வறுவல், மீன் என்று இரண்டு வாரம் பொரித்ததில் கறுப்பு ஏறியது. ஒவ்வொரு முறையும் வெந்நீர், பிறகு அடுப்புச் சூடு, பிறகு எண்ணெய்த் துணி. புளி ஊத்தாதீங்க என்றதற்கு, "இப்ப நீயும் ஆரம்பிச்சிட்டியா" என்றார் மாமி. ஒரு நாள் முட்டை உடைத்து ஊற்றினேன். ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு வந்தது.

அவரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்பதில்லை. இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமைகளில் தளம் எப்படி, சுகர் எப்படி, பரீட்சை எப்படி என்று பட்டியலைப் படிப்பதுபோல் வரிசையாகக் கேட்கிறார். அதுவும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

போன வாரம் நான் பேசிக்கொண்டிருக்கும்போது மாமி பக்கத்தில் வந்து, "சட்டி நல்லாயிருக்குன்னு அவன்ட்ட சொல்லேன்" என்று கிசுகிசுத்தார்.

"நீங்களே சொல்லுங்க மாமி" என்று போனை நீட்டினேன்.

மாமி வாங்கி, முகத்துக்கு மிக அருகில் பிடித்துக்கொண்டு, வஞ்சிரம் என்ன விலை விற்கிறது தெரியுமா என்று மகனிடம் ஆரம்பித்தார்.