வெள்ளிக்கிழமை பஸ்ஸில் கிடைத்த பதில்

அன்பான விசுவாசிகளே, பல்கலைக்கழகத்தில் என் முதல் செமஸ்டர் முழுக்க ஒரு வகுப்பே என்னோடு பேசாமல் இருந்தது. நான் திருடவில்லை. யாரையும் காட்டிக்கொடுக்கவும் இல்லை. சோறு தின்னுமுன் கண்ணை மூடினேன், அவ்வளவுதான்.

எனக்கு ஊர் பனிச்சங்கேணி. அப்பா வாவியில் மீன் பிடிப்பவர். எங்கள் வீட்டில் ஜெபிக்காமல் சோற்றில் கை வைத்தால் அம்மா கையிலேயே தட்டுவா. பல்கலைக்கழகத்தில் வேறு சட்டம் இருந்தது. ராகிங் எனும் பகிடிவதைக் காலத்தில் புதியவர்கள் எழும்பி நின்று, "அண்ணா, சாப்பிடவா?" என்று சீனியரிடம் கேட்க வேண்டும். அவர் தலையாட்டினால்தான் சோற்றுப் பார்சலைப் பிரிக்கலாம். ஒரு மத்தியானம் பசியில் அதை மறந்துவிட்டேன். பார்சலைப் பிரித்துக் கண்ணை மூடினேன். திறந்தபோது ஒரு சீனியர் முன்னால் நின்றார்.

"ஆரிட்டக் கேட்டு வாய முணுமுணுக்கிறாய்?"

"ஆண்டவருக்கு நன்றி சொன்னன், அண்ணா."

"இஞ்ச சோத்துக்கு உத்தரவு தாறது நான். முழங்கால்ல நிண்டு, என்னப் பார்த்து அந்த ஜெபத்தச் சொல்லு."

கன்டீன் முழுக்கச் சிரித்தது. "ஏலாது அண்ணா" என்றேன். அதில் வீரம் ஒன்றும் இல்லை, பயந்துகொண்டுதான் சொன்னேன்.

அவர் என்னைத் தொடவில்லை. என் வகுப்பு முழுவதையும் பசியோடு வெயிலில் நிறுத்தினார். எனக்கு மட்டும் நிழலில் கதிரை போட்டு, பார்சலைக் கையில் தந்தார். "நீ சாப்பிடு தங்கச்சி. அவங்க பார்க்கட்டும்" என்றார். ஓட்டமாவடி முஸ்லிம் பிள்ளை ரிஸ்னா என் கண் முன்னாலேயே மயங்கி விழுந்தாள். நான் அந்தச் சோற்றை அப்படியே மூடி வைத்தேன்.

அதன்பிறகு சீனியர்களுக்கு வேலையே இருக்கவில்லை. மிச்சத்தை என் வகுப்பே பார்த்துக்கொண்டது. விடுதியில் என் பக்கத்துக் கட்டிலைத் தள்ளிப் போட்டார்கள். நான் போனால் கதை நிற்கும், வந்தால் சிரிப்புத் தொடங்கும். அதையும் தாங்கியிருப்பேன். குப்பியிலிருந்து துரத்தியதைத்தான் தாங்க முடியவில்லை. விரிவுரைகள் ஆங்கிலத்தில் நடக்கும். என்னைப் போலத் தமிழில் படித்து வந்தவர்களுக்குப் பாதி புரியாது. விளங்கியவர்கள் மற்றவர்களைக் கூட்டி வைத்துத் தமிழில் சொல்லிக் கொடுப்பதைத்தான் குப்பி என்பார்கள். அது இல்லாவிட்டால் பரீட்சையில் தோல்விதான். நான் வாசலில் தலை காட்டியதும் ஒருத்தி எழும்பி வந்து, "நீ உன்ட ஆண்டவரிட்டப் படி" என்று கதவைச் சாத்தினாள்.

விடுதிக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுது ஜெபித்தேன். ஆண்டவரே, இவர்களுடைய மனதை மாற்றும் என்று கேட்டேன். ஒருவர் மனமும் மாறவில்லை. கடைசியில், இந்த வெள்ளிக்கிழமை ஊருக்குப் போனால் திரும்பி வரமாட்டேன், வேண்டுமானால் நீரே மறித்துப்பாரும் என்று கோபத்தோடு சொல்லிவிட்டுப் பையைக் கட்டினேன்.

பஸ்ஸில் யன்னல் பக்கம் இருந்தேன். ரிஸ்னா ஏறினாள். ஏசப் போகிறாள் என்று நினைத்தேன். "தள்ளி இரி" என்றாள். இருந்ததும் புள்ளிவிபரவியல் கொப்பியை என் மடியில் விரித்தாள்.

"குப்பியில சொன்னத்த உனக்குச் சொல்லித் தாறன். கெம்பஸுக்குள்ள உன்ன நான் பார்க்கவும் மாட்டன், கதைக்கவும் மாட்டன். கதைச்சா எனக்கும் இதே கதிதான்."

"அப்ப ஏன் சொல்லித் தாறாய்?"

"நான் பிஸ்மி சொல்லித்தான் சோத்தத் தொடுறவள். அங்க அத மனசுக்க ஒளிச்சிச் சொல்லிட்டு, அவனுக்கிட்ட உத்தரவு கேட்டன். நீ கண்ண மூடினத்தக் கண்டதும் எனக்குக் கோபம் வந்திச்சி. வெயில்ல விழுந்ததால வந்த கோபமில்ல புள்ள."

ஓட்டமாவடியில் அவள் இறங்கும்வரை படித்தோம். ஊருக்குப் போன நான் திங்கட்கிழமை திரும்பி வந்தேன்.

பரீட்சை வரை ஒவ்வொரு வெள்ளியும் அப்படித்தான். இடையில் ஒரு நாள் வகுப்பில் என்னைக் கேலி செய்தபோது அவளும் கூடச் சிரித்தாள். மற்றவர்கள் சிரித்ததைவிட அதுதான் அதிகம் வலித்தது. அந்த வெள்ளியும் என் பக்கத்தில் வந்து இருந்தாள். வழமைபோலக் கொப்பியை விரித்தாள்.

பரீட்சையில் எல்லாப் பாடங்களிலும் சித்தியடைந்தேன். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். ஆனால் அதற்கிடையில் எங்களை பஸ்ஸில் கண்ட ஒருத்தி கதையைப் பரப்பிவிட்டாள். ரிஸ்னாவையும் விலத்தினார்கள், அவளுடைய நெருங்கிய தோழிகள்தான் முதலில். என் ஜெபத்துக்குக் கிடைத்த பதிலின் விலையை அவள் கொடுத்தாள். மறுநாள் கன்டீனில் என் முன்னால் வந்து இருந்தாள். "இனி ஒளிக்க என்ன இரிக்கி?" என்றாள். எல்லோருக்கும் கேட்கப் பிஸ்மி சொன்னாள். நான் கண்ணை மூடினேன்.

எதிரிகள் அழுது மன்னிப்புக் கேட்டதாகச் சாட்சியை முடித்தால் உங்களுக்கும் சந்தோஷமாக இருக்கும். இங்கே ஒருவரும் கேட்கவில்லை. இந்த வருடம் புதியவர்கள் வந்திருக்கிறார்கள். அன்று வெயிலில் நின்று அழுதவன்தான் இன்று நிழலில் கதிரை போடுகிறான். நான் மனங்கள் மாற வேண்டும் என்று கேட்டேன், ஆண்டவர் பயந்துபோன ஒரு பிள்ளையைப் பக்கத்து சீட்டில் இருத்தினார். எனக்கு அது போதுமாயிருந்தது. நீங்களும் கேளுங்கள், கோபத்தோடு என்றாலும் கேளுங்கள். யாரை அனுப்ப வேண்டும் என்பதை மட்டும் அவரிடம் விட்டுவிடுங்கள்.

இப்போது நானும் ரிஸ்னாவும் குப்பி நடத்துகிறோம். விலத்தப்பட்ட யாரும் வரலாம். சோற்றுப் பார்சலோடு வாருங்கள். சாப்பிட எங்களிடம் உத்தரவு கேட்கத் தேவையில்லை.