அப்கார் ஒன்பது

என் மகள் பிறந்ததும் தாதி, “அப்கார் ஒன்பது” என்றார். உடனே சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடிப் புளோக்கின் மின்தூக்கி நினைவுக்கு வந்தது.

அம்மா பிரசவ வார்டில் தாதி. நான் தொடக்கப்பள்ளியில் படித்தபோது, மருத்துவமனைக்குக் கிளம்பிய பக்கத்து வீட்டு சாந்தி அக்காவுக்கு மின்தூக்கியிலேயே பிரசவமாகிவிட்டது. குழந்தை நீலம் பாரித்து, அழாமல் கிடந்தது. வீட்டிலிருந்து ஓடிவந்த அம்மா அதன் முதுகைத் துண்டால் தேய்த்தபடி, “அப்கார் நாலுதான்” என்று முணுமுணுத்தார். சற்று நேரத்தில் அது வீறிட்டு அழுதது. உடம்பு சிவந்தது. “இப்ப ஒன்பது” என்று அம்மா சிரித்தார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். எனக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது.

“அப்கார்னா என்னம்மா?” என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

“பிறந்த குழந்தைக்குப் பத்துக்கு மார்க் போடுறது. மூச்சு, நிறம், நாடி எல்லாம் பார்ப்போம். அதக் கண்டுபிடிச்ச டாக்டர் பேரு அது. பொம்பள டாக்டர்.”

சாந்தி அக்கா தன் மகளுக்கு அம்மாவின் பெயரையே வைத்தார். மங்களம்.

“அந்த டாக்டர் மாதிரி உன் பேரும் நிலைச்சுடுச்சு” என்றார் அப்பா.

“அவங்க பேரு உலகம் பூரா இருக்கு. எம்பேரு இந்தப் புளோக்குல இருந்தா போதும்லா” என்றார் அம்மா.