லேபல் உரிக்காத போத்தல்

மெல்பேண் குளிருக்கு ஒரு வருடத்தில் பழகிவிட்டேன். மருந்துக்கடைக்காரரின் குரலுக்குப் பழகத்தான் நெடுநாள் எடுத்தது. எழுபதுகளின் கடைசி அது. பிரெஸ்டனில் ட்ராம் நிற்கும் சந்தியில் அவருடைய கடை. உள்ளே குளிசைகளை எண்ணிப் போத்தலில் இட்டுக்கொண்டு முன்னால் வருவார். நிற்கிற சனத்துக்கு மேலால், "மிஸிஸ் சிவநேசன், உங்கள் வலிப்புக் குளிசை தயார்" என்று கூப்பிடுவார். ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்குத்தான் காது சுடும். வீட்டுக்கு வந்ததும் போத்தலைச் சுடுதண்ணீரில் பிடித்து லேபலை உரித்துவிடுவேன்.

உரிப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். சாவகச்சேரியில் பதின்மூன்று வயதில் வகுப்பறையில் விழுந்தேன். ஐயா என்னைக் கொழும்புக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். அன்றிலிருந்து மாதாமாதம் வரும் குளிசைகளை லேபலை உரித்துப் பால்மாத் தகரப் பேணிக்குள் போட்டுவைப்பார். யாராவது கேட்டால் சத்துக் குளிசை. வீட்டில் நாங்கள் இரண்டு பெண்கள். ஒருத்திக்கு வலிப்பென்று ஊர் அறிந்தால் இரண்டு பேருக்கும் கலியாணம் இல்லை. என்னைப் பெண்கேட்டு வந்த சிவநேசனிடம் மட்டும் ஐயா உண்மையைச் சொன்னார். "அதுக்கென்ன மாமா" என்றாராம் அவர். அந்த ஒரு சொல்லுக்காகவே அந்த மனுசனின் குறட்டையை இன்றுவரை பொறுத்துக்கொள்கிறேன்.

பழைய குளிசை என் பல்முரசை வீங்க வைத்திருந்தது. இங்கே நரம்பு வைத்தியர் அதைப் படிப்படியாகக் குறைத்து, கார்பமசெப்பீன் என்ற புதியதற்கு மாற்றினார். சட்டென்று நிறுத்தக்கூடாது, தோல் சிவந்து தடித்தால் உடனே வரவேண்டும், தொண்டைநோவும் காய்ச்சலும் வந்தால் இரத்தம் பார்க்கவேண்டும், வேறு எந்த வைத்தியரிடம் போனாலும் வாய் திறந்து முதலில் இதைச் சொல்லவேண்டும் என்று நான்கு தரம் படித்துப் படித்துச் சொன்னார். மனம் தாறுமாறாக ஏறி இறங்குகிறவர்களுக்கும் இதைக் கொடுத்துப் பார்க்கிறார்கள் என்று அவர் சொன்னதைக் கேட்டுவந்த சிவநேசன், என் கோபத்துக்கும் கேட்குமோ என்று ஆவலாகப் பார்த்திருந்தார். கேட்கவில்லை. பக்கத்து வீட்டு மிஸிஸ் டோலனுக்கும் அதே குளிசைதான், முகநரம்பு வலிக்கு. வேலிக்கு மேலால் போத்தலைக் கிலுக்கிக் காட்டித் தன் நோவை விஸ்தரிப்பாள். நீ என்ன எடுக்கிறாய் என்று ஒருநாள் கேட்டாள். வைட்டமின் என்றேன். பாவம் மனுசி, அன்றிலிருந்து கிழமைக்கு ஒரு பை எலுமிச்சம்பழம் கொண்டுவந்து தந்தாள்.

ஒரு ஞாயிறு எங்கள் வீட்டில் தமிழ்க் குடும்பங்களுக்குச் சாப்பாடு. எனக்குத் தொண்டைநோ, காய்ச்சல். வந்தவர்களில் டொக்டர் இராசநாயகமும் இருந்தார். நல்ல மனிதர், சாப்பிட்டு முடிந்ததும் ரோர்ச் லைட்டை எடுத்துத் தமிழர் தொண்டைகளை இலவசமாகப் பார்ப்பார். என்னுடையதையும் பார்த்துவிட்டு, "வேற குளிசை ஏதும் எடுக்கிறனீங்களோ தங்கச்சி?" என்று கேட்டார். மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு பேர். டொக்டரின் மனைவி எழுதும் கடிதம் பத்திரிகைக்கு முன்னம் யாழ்ப்பாணம் போய்ச் சேரும். ஊரில் என் தங்கை வதனிக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். இல்லை டொக்டர் என்றேன். அவர் எரித்ரோமைசின் எழுதித் தந்தார். அதையும் எங்கள் மருந்துக்கடையில் எடுக்காமல், அந்தக் குரலுக்குப் பயந்து, இரண்டு ட்ராம் தரிப்பு தள்ளிப்போய் முன்பின் தெரியாத கடையில் எடுத்தேன். கெட்டித்தனம் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் தண்டவாளத்தில் இரண்டு ட்ராம் வந்தன. எதில் ஏறுவதென்று தெரியவில்லை. கள்ளுக் குடித்தவள் மாதிரித் தள்ளாடி வீட்டுக்குத் திரும்பி, வாசலிலேயே தின்றதெல்லாம் சத்தியெடுத்தேன். சிவநேசன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். சேதி கேட்டு இராசநாயகமும் ஓடி வந்தார். நான் என்ன மருந்து எடுக்கிறேன் என்று அங்கிருந்த இளம் டொக்டர் கேட்டபோது இராசநாயகமே முந்திக்கொண்டார். தான் கொடுத்ததைத் தவிர வேறொன்றும் இல்லை, விசாரித்துத்தான் கொடுத்தேன் என்று என் மேல் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். சிவநேசன் என்னைப் பார்த்தார். அது நான் சொல்லவேண்டியது என்று விட்டுவிட்டார்.

"டொக்டர், நான் உங்களுக்குப் பொய் சொன்னனான். எனக்கு வலிப்பு. பதின்மூண்டு வயசிலயிருந்து குளிசை எடுக்கிறன்."

எரித்ரோமைசின் மற்றக் குளிசையை உடம்பை விட்டுக் கழியவிடாமல் தேக்கிவைக்கிறது, அதனால்தான் இரட்டைப் பார்வையும் தள்ளாட்டமும் என்று இளம் டொக்டர் விளக்கினார். இன்னும் இரண்டு நாள் நான் மௌனமாக இருந்திருந்தால் எழும்பியிருக்கவே மாட்டேனாம். எரித்ரோமைசினை நிறுத்தினார்கள், இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நரம்பு வைத்தியர் பயந்ததுபோல் வெள்ளணுக்கள் குறையவில்லை. இராசநாயகம் கட்டிலடியில் கதிரையைப் போட்டு இருந்தார். பிறகு மெதுவாக, "சபையில வைச்சு நான் கேட்டிருக்கக் கூடாது, பிள்ளை" என்றார். அந்த மனிதர் மேல் எனக்கு இருந்த மரியாதை அன்று இரட்டிப்பானது.

சேதி ஊருக்குப் போகமுன் வதனிக்கு நானே எழுதினேன். பேசிவந்த இடம் கழன்றுகொண்டது. நான் அழுதேன். அவள் அழவில்லை. போனவை போகட்டும் அக்கா, இனிக் கேட்கிறவர்களுக்கு முதலிலேயே நான் சொல்லுவேன் என்று எழுதியிருந்தாள். அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து நான் லேபல் உரிக்கவில்லை. போத்தலைச் சமைக்கிற குசினி யன்னலில், பெயர் தெரிய வைத்தேன். மிஸிஸ் டோலனிடமும் சொன்னேன். அப்படியென்றால் எலுமிச்சம்பழம் வேண்டாமா என்று கேட்டாள். வேண்டும், ஊறுகாய் போடுகிறேன் என்றேன். பல்கலைக்கழகத்தில் நான் வாங்கிய பட்டத்தைவிட, கூசாமல் சந்தி மருந்துக்கடையில் "ஓம், என்னுடையதுதான்" என்று கை உயர்த்திப் போவதில் எனக்குப் பெருமை.

எல்லாம் அறிந்தே கேட்டு வந்த ஒருவரோடு வதனிக்குக் கலியாணம் நடந்தது. அதற்கு ஊருக்குப் போனபோது, போய் இறங்கிய நாள் பின்னேரம் போத்தலை ஐயாவின் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். காலையில் அது அங்கேயே இருந்தது. ஐயா ஒளிக்கவில்லை, உரிக்கவில்லை. பெயரை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தார். நான் முன்னால் திருப்பினேன். மறுநாளும் அது சுவரைப் பார்த்தது. இருந்த மூன்று கிழமையும் அவர் திருப்புவார், நான் திருப்புவேன். இப்போது பிரெஸ்டன் குசினியில் அதைத் திருப்ப ஆளில்லை. ஆனாலும் காலையில் விளக்கைப் போட்டதும், போத்தல் எந்தப் பக்கம் பார்க்கிறதென்றுதான் முதலில் பார்க்கிறேன்.