விழாத ஷெல்ஃப்

என் அக்கா வெர்னாவின் புருஷன் ஓரின் ஆம்டாலைக் கெட்டவர் என்று சொல்ல இந்த மின்னசோட்டாவில் ஓர் ஆள் கிடைக்க மாட்டார். என் தலைவலியே அதுதான். கெட்டவராக இருந்திருந்தால் எப்போதோ நாலு வார்த்தை கேட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

அத்தான் வாழ்நாள் முழுக்க ஸ்கூல் பஸ் ஓட்டினார். பனி கொட்டுகிற காலையில்கூட, ஷூ போட்டு முடிக்காத பிள்ளைக்காக வாசலில் பஸ்ஸை நிறுத்திக் காத்திருப்பார். ஒருநாளும் ஹாரன் அடித்ததில்லை. ஓய்வு பெற்றபோது பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சேர்ந்து அவருக்கு ஒரு டிரில் மெஷின் வாங்கிக் கொடுத்தார்கள். அந்த யோசனை யாருடைய மூளையில் உதித்தது என்று இன்றுவரை விசாரித்துக்கொண்டிருக்கிறேன். தெரிந்தால் சும்மா விட மாட்டேன்.

அன்றிலிருந்து அவருக்கு ஷெல்ஃப் பைத்தியம். யார் வீட்டுக்குப் போனாலும் கண் முதலில் சுவருக்குத்தான் போகும். காபிக் கோப்பையைக் கையில் வாங்குவதற்குள், "இந்த இடத்துல ஒரு ஷெல்ஃப் இருந்தா எவ்வளவு நல்லாயிருக்கும்" என்பார். வீட்டுக்காரர்கள், "ஐயோ, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்பார்கள். எங்கள் ஊரில் அதற்கு 'வேண்டவே வேண்டாம்' என்று பொருள். ஆனால் எங்கள் ஊரில் வேண்டும் என்பவரும் அதையேதான் சொல்வார். ஒரு துண்டு கேக் எடுத்துக்கொள்ளக்கூட மூன்று தடவை மறுத்துவிட்டுத்தான் தட்டை நீட்டுவோம். ஆகவே அத்தான் மூன்று தடவை கேட்பார், அவர்கள் மூன்று தடவை மறுப்பார்கள், மறுநாள் காலையில் டிரில்லோடு வந்து நிற்பார்.

சரி, மாட்டுகிறவர் ஒழுங்காகவாவது மாட்டக் கூடாதா. இங்கே வீட்டுச் சுவர் என்றால் செங்கல் இல்லை. வரிசையாக மரக்கட்டைகளை நிறுத்தி, இரண்டு பக்கமும் ஜிப்சம் பலகை அடித்த கூடு. கட்டை இருக்கிற இடத்தில் திருகினால் ஷெல்ஃப் நிற்கும், இல்லாத இடத்தில் திருகினால் பொடியில் திருகிய மாதிரிதான். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அத்தானுக்கோ கட்டை என்றாலே ஆகாது.

"ஷெல்ஃப் எங்க வேணும்னு வீட்டுப் பொம்பளை சொல்லணும். கட்டை சொல்லக் கூடாது. வீடு கட்டையோடதா, அவங்களோடதா?" என்பார்.

இதற்கென்றே கடையில் சிறகு வைத்த போல்ட் விற்கிறார்கள். சிறகை மடக்கி ஓட்டைக்குள் நுழைத்தால், சுவருக்கு உள்ளே போய் விரித்துக்கொண்டு பலகையைப் பிடித்துக்கொள்ளும். நல்ல பொருள்தான். அளவு பார்த்து ஓட்டை போடுகிறவனுக்கு நல்ல பொருள். அத்தான் கண்ணளவில் போடுவார். ஓட்டை பெரிதாகிவிட்டால் பசையை அப்பி அடைப்பார். பிறகு அந்த மெல்லிய பலகையின் மேல் இரும்பு வாணலி முதல் பைபிள் வரை அடுக்கி, இரண்டடி பின்னால் நின்று அழகு பார்ப்பார்.

விழும். எல்லாமே விழும். சில ஒரு வாரத்தில், சில கிறிஸ்துமஸ் வரை தாக்குப்பிடித்து. பாதிரியார் வீட்டில் விழுந்தது. சர்ச் அடித்தளச் சமையலறையில், ஒரு சாவுச் சாப்பாட்டின் நடுவே, கோப்பைகள் அத்தனையும் விழுந்து நொறுங்கின. என் வீட்டில் மசாலா டப்பாக்களோடு விழுந்து, மூன்று நாள் வீடெல்லாம் ஒரே தும்மல்.

இதில் ஒன்றுகூட அத்தானுக்குத் தெரியாது. யார் சொல்வார்கள்? விழுந்ததை வாரிக் கொட்டிவிட்டு, ஓட்டையை மாவு போட்டு அடைத்து, மேலே ஒரு காலண்டரை மாட்டுவார்கள். அவர் வந்து கேட்டால் பெயிண்ட் அடிப்பதற்காகக் கழற்றி வைத்திருப்பதாகச் சொல்வார்கள். ஊரே சேர்ந்து அந்த மனிதரைப் பெரிய தச்சன் என்று நம்ப வைத்திருந்தது. என் அக்காதான் அதற்கெல்லாம் தலைவி. ஐம்பது வருஷத்தில் அவள் புருஷனிடம் 'பிடிக்கவில்லை' என்று ஒரு தடவை சொல்லி நான் கேட்டதில்லை. அவர் வைத்த சூப்பில் உப்பே இல்லாவிட்டாலும் "உங்க கைப்பக்குவமே தனி" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன இலையுதிர் காலத்தில் வெர்னாவுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் அசைவற்றுப் போயின, கையில் வலி மட்டும் மிச்சம். வாய்க்கும் புத்திக்கும் ஒன்றும் ஆகவில்லை. பல வாரம் ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்து, சக்கர நாற்காலியோடு வீட்டுக்கு அனுப்பினார்கள், ஒரு நிபந்தனையோடு. பயிற்சியாளர் ஒருத்தி வீட்டுக்கு வந்து பார்ப்பாள். வெர்னா தானாகச் சமாளித்துக்கொள்வாள் என்று அவளுக்குத் தோன்றினால் வீட்டிலேயே இருக்கலாம். இல்லையென்றால் பக்கத்து ஊர் முதியோர் இல்லம்.

"அங்க அனுப்பிடாத, ஆர்லிஸ்" என்று வெர்னா ஆஸ்பத்திரியில் என் விரலைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அவள் அப்படிச் சொன்னதே எனக்குக் கூச்சல் போட்ட மாதிரி இருந்தது. ஆனால் புருஷனிடம் அவள் சொன்னது வேறு. "உங்களுக்கு எது சௌகரியமோ அப்படியே செய்யுங்க." அத்தானும் தலையை ஆட்டிவிட்டு, "உனக்கு எது நிம்மதியோ அதுதான்" என்றார். இரண்டு பேரையும் ஒன்றாகப் பிடித்து உலுக்கலாமா என்று இருந்தது எனக்கு.

பழைய பாத்ரூம் கதவில் நாற்காலி நுழையாது. ஒரு தச்சர் வந்து கதவையும் நிலையையும் எடுத்துவிட்டு, சுவருக்குள்ளேயே போய் ஒளிந்துகொள்ளும் தள்ளு கதவைப் போட்டுக் கொடுத்தார். ஒரு விரலால் தள்ளினால் போதும். வெர்னா வந்தவுடனே அதைத் திறந்து மூடிப் பார்த்துச் சிரித்தாள்.

பயிற்சியாளர் வருகிற அன்று காலையில் நான் ஹாட்டிஷ் செய்து எடுத்துக்கொண்டு போனேன். மாட்டிறைச்சிக்கு மேலே உருளைக்கிழங்கு உருண்டைகளை அடுக்கியது, அத்தானுக்குப் பிடித்தது. வெர்னா தானாகவே நாற்காலியை உருட்டிப் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் சமையலறையில் அடுப்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தேன். டிரில் சத்தம் கேட்டது. அது ஓயாத வீடுதானே என்று விட்டுவிட்டேன்.

நான் சமையலறையிலிருந்து வெளியே வந்தபோது, பாத்ரூமை ஒட்டிய சுவரில், நாற்காலியில் இருப்பவளுக்குக் கை எட்டுகிற உயரத்தில் ஒரு ஷெல்ஃப். அதில் மடித்த துண்டுகள். அத்தான் பின்னால் நின்று அழகு பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ வெளிய வந்து பார்க்கட்டும்" என்றார் கிசுகிசுப்பாக. "ஆர்லிஸ், இந்தச் சுவரைத் தட்டிக்கிட்டே வந்தேன். நடுவுல ஒரு கட்டை கிடையாது. சுத்தமா வெத்து. இப்படியொரு சுவர் என் வீட்டுலயே இருக்குன்னு எனக்கே தெரியாமப் போச்சு பாரு."

அந்தச் சுவரில் ஏன் கட்டை இல்லை என்று நான் யோசிக்க ஆரம்பித்த நேரத்தில் வாசல் மணி அடித்தது.

வந்தவள்தான் அந்தப் பயிற்சியாளர், ரோசேன் தமாரோ, எதையும் நேராகப் பேசுகிற நியூ ஜெர்சிக்காரி. காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். "குடுங்க, பால் வேணாம்" என்றாள், முதல் தடவையிலேயே. நான் கொஞ்சம் ஆடிப்போனேன்.

பாத்ரூமுக்குள் 'டொக்' என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு 'டொக்'.

"வெர்னா, வந்துட்டாங்க" என்றேன்.

"அப்படியா, ரொம்ப சந்தோஷம்" என்றாள் உள்ளேயிருந்து. "நீங்க எல்லாம் காபி சாப்பிடுங்க. நான் இங்க சௌகரியமாத்தான் இருக்கேன்."

ரோசேன் காபியைக் குடித்து முடித்தாள். வெர்னா வரவில்லை. மழையைப் பற்றி உள்ளேயிருந்தே விசாரித்தாள். ரோசேன் கோப்பையை வைத்துவிட்டு நேராகக் கதவருகே போனாள்.

"திறங்க, வெர்னா."

கதவு ஒரு சாண் நகர்ந்து, முட்டி நின்றது.

ரோசேன் கதவைப் பார்த்தாள். ஷெல்ஃபைப் பார்த்தாள். "சார், இந்தக் கதவு திறந்தா எங்க போகும்?"

"சுவருக்குள்ள போயிடும்" என்றார் அத்தான் பெருமையாக. "ரொம்ப நல்ல ஏற்பாடு."

"எந்தச் சுவருக்குள்ள?"

அத்தானின் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். சிறகு போல்ட் நான்கும் கதவு போகிற வழியில் உள்ளே விரித்துக்கொண்டு நின்றன. ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் திருகினார். வெளியே தலை சுற்றியது, உள்ளே சிறகும் கூடவே சுற்றியது. கழலவில்லை. துண்டுகளைத் தள்ளிவிட்டு ஷெல்ஃபைப் பிடித்து இழுத்தார். நானும் சேர்ந்து தொங்கினேன். ஊரில் தும்மினால் விழுகிற ஷெல்ஃப்களையெல்லாம் மாட்டிய மனிதர், வாழ்க்கையில் ஒரே ஒரு ஷெல்ஃபை உறுதியாக மாட்டியிருந்தார். அதற்கு இந்த நாள்தான் கிடைத்ததா?

ரோசேன் அந்த ஒரு சாண் சந்தில் முகத்தை வைத்துக் கேட்டாள். "டிரில் போட்டது கேட்டுச்சா உங்களுக்கு?"

"கேட்டுச்சு."

"கதவு போற சுவர்னு தெரியுமா?"

"தெரியும்."

"அப்பவே ஒரு குரல் குடுத்திருக்கலாமே."

"விசிலடிச்சுக்கிட்டே வேலை செஞ்சார். எனக்கு உடம்புக்கு வந்ததுலேருந்து அவர் விசிலடிச்சு நான் கேட்கல. எப்படிங்க நிறுத்தச் சொல்றது?"

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ரோசேன் அசைந்துகொடுக்கவில்லை.

"கதவு எனக்குப் பிரச்சினையில்ல, அதை இன்னைக்கே சரி பண்ணிடலாம். நீங்கதான் எனக்குப் பிரச்சினை. நாளைக்குக் கீழ விழுவீங்க. அவர் தூங்கட்டும்னு விடியவிடியத் தரையிலேயே கிடப்பீங்க. கிடப்பீங்களா, மாட்டீங்களா? அந்த இல்லத்துல பட்டனை அழுத்தினா ஆள் வரும், வாயே திறக்க வேணாம். உங்கள மாதிரி ஆளை எந்தத் தைரியத்துல நான் இங்க விட்டுட்டுப் போறது?"

"அவ கூப்பிடுவா" என்றார் அத்தான். "கண்டிப்பா என்னைக் கூப்பிடுவா."

"இதுவரைக்கும் ஒரு தடவையாவது கூப்பிட்டிருக்காங்களா?"

அத்தான் யோசித்தார். டிரில்லை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இந்த வீட்டில் ஆளுக்கு ஆள் காட்டிய நல்ல குணம் என் அக்காவை இல்லத்தில் கொண்டுபோய்த் தள்ளப் போகிறது, அப்போதும் இவர்கள் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிக்கொண்டுதான் பிரிவார்கள் என்று நினைத்தேன்.

"ஓரின்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"சொல்லு வெர்னா."

"இந்த ஷெல்ஃப் எனக்குப் பிடிக்கல."

"இன்னும் நீ பார்க்கவே இல்லையே."

"பார்க்காமலே பிடிக்கல. எந்த ஷெல்ஃபும் எனக்குப் பிடிக்கல. எல்லாம் விழுந்துச்சு, ஓரின். எங்கம்மா குடுத்த தட்டெல்லாம் உடைஞ்சதே, அது பூனை தள்ளினதில்ல. உங்க ஷெல்ஃப் விழுந்தது."

"பூனையில்லையா?" என்றார் அத்தான். "பாவம், அதைக் கொட்டகைல விட்டுப் பூட்டினேனே."

"பாதிரியார் வீட்லயும் விழுந்துச்சு. சர்ச்ல விழுந்துச்சு. ஆர்லிஸ் வீட்ல விழுந்துச்சு."

அத்தான் என்னைப் பார்த்தார். "நீ பெயிண்ட் அடிக்கிறதாச் சொன்னியே."

"நாலு வருஷமா யாராவது பெயிண்ட் அடிப்பாங்களா, அத்தான்?"

"எனக்குக் குளிருது, ஓரின்" என்றாள் வெர்னா. இப்போது குரல் உயர்ந்திருந்தது. "கால் மரத்துப்போச்சு. நான் வெளிய வரணும். சுவரை உடைங்க."

"புதுச் சுவர், வெர்னா. அந்தத் தச்சர் என்ன நினைப்பார்?"

"உடைங்கன்னு சொல்றேன்."

அத்தான் எழுந்துபோய்ச் சுத்தியலோடு வந்தார். ஜிப்சம் பலகைதானே, நாலு அடியில் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஷெல்ஃப் பெரிய துண்டுச் சுவரோடு பெயர்ந்து அவர் கால்மேல் விழுந்தது. கதவு சத்தமில்லாமல் உள்ளே போனது.

வெர்னா நாற்காலியை உருட்டிக்கொண்டு வெளியே வந்தாள். தலையெல்லாம் வெள்ளைத் தூள். முகம் சிவந்திருந்தது. வெளியே வந்தவள் நிறுத்தவில்லை.

"இன்னொண்ணும் சொல்லணும். அந்த இல்லத்துக்கு நான் போக மாட்டேன். உங்க சௌகரியம்னு நான் சொன்னது பொய். நான் இங்கதான் இருக்கணும். உங்ககூட இருக்கணும்."

அத்தான் அவள் காலடியில் மண்டி போட்டார். "நானும் அதைத்தான் வேண்டிக்கிட்டிருந்தேன், வெர்னா. உன்கிட்ட கேட்கத்தான் பயமா இருந்துச்சு." அவள் கையை எடுத்து முகத்தோடு அழுத்திக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அடுப்பில் ஹாட்டிஷ் தீய்கிற வாசனை வந்தும் நகர மனம் வரவில்லை.

"ஓரின்" என்றாள் வெர்னா. "அது வலிக்கிற கை. விடுங்க. இந்தக் கையைப் பிடிச்சுக்குங்க."

அத்தான் கையை மாற்றிப் பிடித்துக்கொண்டார். அதைப் பார்த்த பிறகுதான் ரோசேன் பேனாவை எடுத்து, வெர்னா வீட்டிலேயே இருக்கலாம் என்ற தாளில் கையெழுத்துப் போட்டாள்.